பேரணாம்பட்டு பஸ்ஸில் வந்த ரத்தம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆம்பூரிலிருந்து ஸ்டெல்லாவின் தம்பி போன் செய்தார். "அக்கா போய்ட்டாங்க மேடம்." மார்பில் தொடங்கி நுரையீரலுக்குப் பரவிய புற்றுநோய். அந்தப் பரவலைத்தான் அவளும் நானும் வேலூர் ஆய்வகத்தில் பதினாறு வருடம் ஆராய்ந்தோம். போனை வைத்துவிட்டு அழுதேன். இந்த இரங்கல் கூட்டத்தில், அவளை அறிந்த உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? அந்தப் பதினாறு வருடமும் அவளைப் பார்த்து வயிறெரிந்தவள் நான்.

ஷூ கம்பெனித் தொழிலாளியின் மகள் அவள். நோயாளிகள் என்னைத் தாண்டி அவளிடம்தான் போவார்கள். மைக்ரோ ஆர்.என்.ஏ என்றால் என்ன என்று ஓர் அம்மா கேட்டபோது நான் பாடப்புத்தகத்தை ஒப்பித்தேன். அவளோ, "செல்லுக்குள்ள ஜீன் ஆர்டர் போட்டுக்கினே இருக்கும்மா. வேணாத ஆர்டர நிறுத்தி வைக்கிற சூப்பர்வைசர் இது. அதுல சிலது கம்மியாச்சுன்னா, கட்டி வேற எடத்துக்குக் கிளம்பிடும்" என்றாள். அந்த அம்மா தலையாட்டினார். சென்னைக் கருத்தரங்கு ஒன்றில் அதை என் சொந்தச் சரக்காக எடுத்துவிட்டேன். அவள் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள். அதையும் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஒருமுறை எனக்கும் அதிர்ஷ்டம் அடித்தது. நோய் பரவியவர்களின் ரத்தத்தில் மட்டும் ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ ஏகத்துக்குக் கூடியிருந்தது. கட்டுரை அனுப்ப நாலு நாள் இருக்கையில் என் ரத்த மாதிரிக் குழாய்களை அவள் வெள்ளைத் தாளின் முன் பிடித்துப் பார்த்தாள். சிவப்பணுக்களைப் பிரித்த பின் தெளிந்திருக்க வேண்டிய நீரில் லேசான சிவப்பு. பரவியவர்களால் எழுந்து வர முடியாது. பேரணாம்பட்டுப் பக்கம் வீட்டிலேயே எடுத்த ரத்தம் பஸ்ஸில் குலுங்கி வந்திருந்தது. நோய் பரவாதவர்கள் வேலூருக்கே வந்து கொடுத்தவர்கள். குலுங்கியதில் சிவப்பணுக்கள் உடைந்து, உள்ளே இருந்த அதே மைக்ரோ ஆர்.என்.ஏ வெளியே கொட்டிவிட்டது.

கதவைச் சாத்திவிட்டுத்தான் சொன்னாள். "கேன்சர் இன்னா பண்ணுதுன்னு நீ அளக்கல. பஸ்ஸு எவ்ளோ ஆடிச்சுன்னு அளந்துக்கீற."

"பொறாமையில பேசற" என்றேன். யார் யாரிடம் சொல்கிற பேச்சு! மறுபடி அளந்ததில் என் கண்டுபிடிப்பு காணாமல் போனது. மூன்று மாதம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் ஒருவரிடமும் இதைச் சொல்லவில்லை.

போன வாரம் ஆய்வகக் கூட்டத்தில் புதிய முடிவு ஒன்றை வைத்தேன். எல்லோரும் பிரமாதம் என்றார்கள். நான் விரும்பியது இதைத்தான். ஆனால் எனக்குப் பயம் வந்தது. எங்கே தப்பு என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. மறுநாள் காலையிலேயே போய் எல்லாவற்றையும் முதலிலிருந்து அளக்க ஆரம்பித்தேன்.

அவளுடைய அன்பு, சிரிப்பு, பொறுமை எல்லாம் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு மிஞ்சியது இந்தப் பயம்தான். இதை மட்டும் யாருக்கும் பங்கு தரமாட்டேன்.