குடத்துக்குள் ஒரு கல்

எண்பதுகளின் தொடக்கத்தில் நாகலூர் மிஷன் பள்ளிக்கு டீச்சராகப் போனேன். காப்பி எஸ்டேட்டை ஒட்டி ஒற்றை அறை வாடகைக்குக் கிடைத்தது. சமைத்தால் ஒரு தட்டு, பேசினால் சுவர். பள்ளி விட்ட பிறகு மனிதக் குரல் காதில் விழும் ஒரே இடம் குழாயடிதான்.

கோடையில் அந்தக் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி விழும். பித்தளைக் குடத்தை அப்படியே விட்டுவிட்டு யாராவது வீட்டுக்குப் போவார்களா? எல்லோரும் காவல் நின்றோம், நின்றதால் பேசினோம்.

"ஏனுங்க டீச்சர், எப்பங்க கல்யாணச் சோறு போடுவீங்க?" என்று பக்கத்து வீட்டு அக்கா தினமும் கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவர்களுக்கு வேறு வேலையே இல்லையா என்று முணுமுணுத்தபடி குடத்தைத் தூக்கிக்கொண்டு வருவேன். மறுநாள் அவர் கேட்காவிட்டால் என்னவோ போலிருக்கும்.

பிறகு ஒண்டிக்கடை பஜாரில் பிளாஸ்டிக் குடங்கள் வந்து இறங்கின. நானும் பச்சையில் ஒன்று வாங்கினேன். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மேட்டில் தண்ணீர் சுமக்கிறவளுக்குக் குடத்தின் பாரம் குறைவதே பெரிய விஷயம். "இடுப்பு நோவே இல்லீங்க, நொம்ப சௌகரியம்" என்று அக்கா பூரித்துப்போனார்.

ஆனால் காலிக் குடம் மலைக்காற்றுக்கு உருண்டோடும். அதனால் உள்ளே ஒரு கல்லைப் போட்டு வரிசையில் வைத்துவிட்டு அவரவர் வேலைக்குப் போனார்கள். கல் இருந்தால் ஆள் இருப்பதாக அர்த்தம். முறை வந்து குழாயடிக்கு வருகிறவள், "செவப்புக் கொடத்துக்கு அப்பறம் டீச்சர் இருக்காங்க" என்பாள். நான் வீட்டில் பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருப்பேன்.

சில நாள் வேண்டுமென்றே போய் நின்று பார்த்தேன். குடங்கள் இருந்தன, ஆளில்லை. கல்யாணச் சோறு கேட்கக்கூட ஒரு நாதியில்லை. எனக்கே வெட்கமாகிவிட்டது, திரும்பி வந்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் உடம்பு அனலாகக் கொதித்தது. எப்படியோ குடத்தைக் கொண்டுபோய்க் கல்லைப் போட்டு வைத்துவிட்டு வந்து படுத்தேன். அதற்குப் பிறகு எழ முடியவில்லை. யாராவது கதவைத் தட்டமாட்டார்களா என்று கிடந்தேன். பித்தளைக் காலமாக இருந்தால், டீச்சரை எங்கே காணோம் என்று ஒருத்தியாவது வந்து நின்றிருப்பாள்.

சாயங்காலம் சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன். வாசலில் என் பச்சைக் குடம் தளும்பத் தளும்ப இருந்தது. பக்கத்தில் என் கல். கொண்டுவந்து வைத்தவர்கள் கூப்பிடக்கூட இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் அக்காவைப் பார்த்ததும், "நேற்று நல்ல காய்ச்சல் அக்கா. ஒரு வாய்க் கஞ்சி கொடுக்க ஆளில்லை" என்றேன்.

அவர் நிஜமாகவே திகைத்துப்போனார்.

"என்னங்க டீச்சர் சொல்றீங்க? நேத்துப் பூராவும் நீங்க எனக்குப் பின்னாலதானுங்களே நின்னீங்க!"