எண்ணாகிப் போன நூர்ஜஹான்

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். பாளையங்கோட்டை அலுவலகத்தின் பொது சர்வரில் யார் எந்தக் கோப்பைத் திறக்கலாம் என்று அனுமதி கொடுப்பது என் வேலை. அதில் எனக்குப் பெருமை அதிகம்.

பக்கத்து இருக்கை நூர்ஜஹான் கல்யாணமாகித் துபாய் கிளம்பினாள். "ஏட்டி, என்னைய ஒரேயடியா அழிச்சிராத" என்று சிரித்தாள்.

"வேலைய விட்டுப் போறவ பேரை எடுக்கணும்ட்டி, அதான் சட்டம்" என்றேன் மிடுக்காக.

மறுநாள் கோப்பு அனுமதிக் குழுவிலிருந்தும் சர்வரிலிருந்தும் அவளை நீக்கினேன். அவள் உருவாக்கிய கோப்புகளில், உரிமையாளர் பெயர் இருந்த இடத்தில், சர்வர் அவளுக்கென்று வைத்திருந்த வெறும் எண் நின்றது.

அதே எண்ணுக்கு அவள் பெயரைத் திரும்பக் கொடுத்தேன்; உள்ளே நுழையும் அனுமதியை மட்டும் கொடுக்கவில்லை.

அவள் வர முடியாதபடி பூட்டியவள் நான்தான். இருந்தும், காலையில் திரையில் அந்தப் பெயரைப் பார்த்தால், வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட மாட்டாளா என்றிருக்கிறது.