பென்சில் என்னைக் கொல்லும்

மூன்று வருடங்களுக்கு முந்திய ஒரு மாசி மாதம். இணுவிலில் எங்கள் வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளையும் வெளிநாட்டுப் பயணிகளுக்கு அப்போதுதான் வாடகைக்கு விடத் தொடங்கியிருந்தேன். போலந்து நாட்டுப் பெண் ஒருவர் வந்து தங்கினார். வயது அறுபதுக்கு மேல். தனியாகச் சைக்கிளில் குடாநாட்டைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஆங்கிலம் அவருக்கும் அரைகுறை, எனக்கும் அரைகுறை. ஆனாலும் காலையில் குசினிக்குள் வந்து, தானே திருவலையை எடுத்து வைத்துத் தேங்காய் திருவுவார். கையாலும் கண்ணாலும் எல்லாம் கதைத்து முடிப்போம்.

ஐந்தாம் நாள் தோட்டப் பாதையில் சைக்கிள் சறுக்கி, முழங்காலைக் கிழித்துக்கொண்டு வந்தார். கழுவித் துணி கட்டிவிட்டேன். விழுந்து மூன்றாம் நாள் கால் வீங்கிவிட்டது. உடம்பு நெருப்பாய்க் கொதித்தது.

தெரிந்த ஓட்டோக்கார அண்ணையைக் கூப்பிட்டேன். "மருதனார்மடத்திலை எங்கடை டொக்டரிட்டைக் கொண்டுபோவம் தங்கச்சி. ஆறுதலாய்ப் பாப்பார்" என்றார். அந்த இடம் எனக்குத் தெரியும். வெள்ளையடித்துப் பல காலமான சுவர், வந்தவர்கள் இருக்க இரண்டு மரவாங்கு. வெளிநாட்டு ஆளை அங்கே கூட்டிப்போக வெட்கமாக இருந்தது. "வேண்டாம் அண்ணை, ரவுணிலை புதுசாய்த் திறந்த இடத்துக்கு விடுங்கோ" என்றேன்.

அது கண்ணாடிக் கதவும் ஏசியுமாகப் பளபளத்தது. டொக்டர் காலை ஒரு தரம் பார்த்தார். ஒரு துண்டில் மருந்தை எழுதி என் கையில் தந்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். தாதி அதை வாசித்து ஊசியோடு வந்தார். அந்த அம்மா கையை இழுத்துக்கொண்டு, இடுப்புப் பையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்து நீட்டினார்.

"இன்சூரன்ஸ் போலை. அதைப் பிறகு பாப்பம்" என்றார் தாதி. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த அம்மா விடவில்லை. காய்ச்சல் குரலில் கைபேசிக்குள் அவசரமாக ஏதோ பேசினார். அது தமிழில் மொழிபெயர்த்து, "பென்சில் என்னைக் கொல்லும்" என்றது. தாதி சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். இன்றைக்கும் என் உடம்பைக் கூச வைப்பது அந்தச் சிரிப்புத்தான்.

அந்த அம்மா எழும்பி, நொண்டி நொண்டிப் போய் ஓட்டோவில் ஏறிவிட்டார். ஊசிக்குப் பயந்து அடம்பிடிக்கிறா என்று நான் அண்ணையிடம் முறையிட்டேன். அவர் நேரே மருதனார்மடத்துக்கு விட்டார்.

அங்கே டொக்டர் தன் கதிரையை இழுத்து அந்த அம்மாவுக்கு முன்னால் போட்டு அமர்ந்தார். காயத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இவவுக்கு முந்தி ஏதும் மருந்து ஒத்துக்கொள்ளாமல் வந்ததோ?"

"தெரியாது டொக்டர். பாஷை விளங்கேல்லை. போன் 'பென்சில் என்னைக் கொல்லும்' எண்டு ஏதோ சொன்னது."

"அப்ப கேப்பம். அது தெரியாமல் நான் ஒண்டும் குடுக்கமாட்டன்."

ஒரு தாளில் ஊசியும் மாத்திரையும் வரைந்தார். பிறகு தன் தொண்டையைப் பிடித்து, மூச்சுத் திணறுவதுபோல் காட்டினார். அந்த அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தச் சின்ன அட்டையை எடுத்து டொக்டரின் கையில் வைத்தார்.

"பென்சில் இல்லைப் பிள்ளை. பெனிசிலின். இவவுக்கு அது நஞ்சு மாதிரி" என்றார் டொக்டர், அட்டையை வாசித்துவிட்டு. ரவுணில் தந்த துண்டை நீட்டினேன். வாசித்து, "உதுவும் அந்த இனம்தான்" என்று மட்டும் சொல்லி மேசையில் வைத்தார். நான் வாங்கில் இருந்துவிட்டேன்.

வேறு மருந்து தந்தார். இரண்டு நாட்களில் காய்ச்சல் விட்டது. காயம் ஆறும்வரை இன்னும் இரண்டு கிழமை அந்த அம்மா எங்களோடுதான் இருந்தார். என் மகள் பென்சிலை எடுத்தால் போதும், நடுங்குவதுபோல் நடித்துக் கதவுக்குப் பின்னால் ஒளிவார். வீடே சிரிக்கும். அப்படிக் கலகலப்பாக இருந்த நாட்கள் பிறகு எங்கள் வீட்டில் குறைவு. போகிற அன்று அவருடைய பாஷையில் மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், விளங்கியிருக்கும்.

எங்கள் மொழியில் ஒரு சொல்லும் தெரியாத அவருக்கு, தன் பேச்சைக் கேளாத இடத்தைவிட்டு எழும்பிப் போகத் தெரிந்திருந்தது; ஊரும் மொழியும் தெரிந்த நான்தான், எவரை நம்பலாம் என்பதை அவரிடம் படிக்க வேண்டியிருந்தது.