மணிமங்கலத்துச் சுவரில் இல்லாத நட்சத்திரம்

1991-ல் என் மனைவிக்குச் சிகிச்சையை நிறுத்தினார்கள். நிறுத்துவதற்கும் ஒரு நடைமுறை உண்டு. முதலில் மாத்திரையைக் குறைப்பார்கள். பிறகு, "வீட்டுக்குக் கூட்டிப் போய் அவங்க ஆசைப்பட்டதைச் செய்து கொடுங்க" என்பார்கள். வருவாய்த் துறையில் ஓய்வு பெறும்வரை இருந்தவன் நான். கோப்புகளை முடித்துக் கட்டும் மொழி எனக்குப் புரியும்.

அவள் ஆசைப்பட்டது மணிமங்கலம் கோயில் சுவரைப் பார்க்க.

ஸ்ரீபெரும்புதூரில் அறிவியல் ஆசிரியையாக இருந்தவள் அவள். 1054-ல் வானத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்துப் பட்டப்பகலிலேயே வெறுங்கண்ணுக்குத் தெரிந்ததையும், சீனர்கள் அதை எழுதிவைத்ததையும் பல வருடங்களுக்கு முன் ஒருமுறை வகுப்பில் சொல்லியிருக்கிறாள். மண்ணூரிலிருந்து வந்த ஒரு மாணவி எழுந்து, "நம்ம ஊர்ல யாரும் பாக்கலியா டீச்சர்?" என்று கேட்டாள். "தேடிச் சொல்றேன்" என்று இவள் வாக்குக் கொடுத்துவிட்டாள். புத்தகங்களில் தேடினாள், கிடைக்கவில்லை. 1604-க்குப் பிறகு நம் பால்வீதியில் அப்படி ஒன்றை யாரும் வெறுங்கண்ணால் பார்த்ததாக உறுதியில்லை. புதிதாக ஒன்று வரும் என்று காத்திருக்க அவளுக்கு நேரமும் இல்லை. மிச்சமிருந்தது, 1054-ஐ ஒட்டிய ஆண்டுகளின் கல்வெட்டுகள் உள்ள மணிமங்கலம்தான்.

கோயில் நில வழக்குகளுக்காக நான் கல்வெட்டு வாசிக்கப் பழகியிருந்தேன். அவளை மடக்கு நாற்காலியில் உட்காரவைத்து, ஈரத்துணியால் எழுத்தைத் துடைத்துத் துடைத்து வாசித்தேன். வாசலில் பூ விற்கும் அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா சார், செவுத்துல பொதையலு தேடிகினு கீறியா?"

"நட்சத்திரம்மா" என்றாள் இவள்.

"பகல்லயா? அதுவும் செவுத்துலயா? யோவ் சார், மொதல்ல அம்மாவ நெழலுக்கு இட்டுகினு போய்யா!"

என் மனைவி சிரித்தாள். சிரித்தால் வலிக்கும், தெரிந்தே சிரித்தாள்.

சுவரில் போர் இருந்தது. போரில் பிடித்த யானைகள் இருந்தன. நிலத்தின் நான்கு எல்லைகளும் இருந்தன. விளக்கெரிக்கும் நெய்க்காக விட்ட ஆடுகள்கூட இருந்தன: சாவா மூவாப் பேராடு. ஆடு செத்தால் கணக்கில் சாகாது, இன்னொன்றை அந்த இடத்தில் நிறுத்தவேண்டும். ஒழுங்கான நடைமுறைதான். அதை அவளுக்கு விளக்க ஆரம்பித்து, பாதியில் துணியை நனைக்கிற சாக்கில் குழாயடிக்குப் போய்விட்டேன்.

கடைசி வரியும் முடிந்தது. நட்சத்திரம் இல்லை.

"அது எந்த மாசம் தெரியுமாங்க?" என்றாள். "ஆடி. விடியற்காலையில கிழக்கே. விதைக்கப் போனவன் ஒருத்தனாவது பாத்திருப்பான்."

"பாத்திருப்பான். எந்தக் கணக்குல எழுதுவான்? தானம் இல்ல, வரி இல்ல, எல்லைத் தகராறும் இல்ல."

"அப்ப அதான் பதில். பாத்தாங்க, எழுதல. நீங்களே அந்த மண்ணூர்ப் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க."

ஐப்பசி மழைக்கு முன் அவள் போய்விட்டாள்.

காரியம் முடிந்த மறுவாரம் அந்த மாணவி வந்தாள். பக்கத்துத் தொழிற்சாலையின் நீலச் சட்டையில் இருந்தாள். வாசற்படியில் நின்று அழுதாள். அழுது முடிக்கும்வரை பொறுத்திருந்து, ஒப்படைக்க வேண்டியதை ஒப்படைத்தேன்: "உன் கேள்விக்கு டீச்சர் பதில் சொல்லச் சொன்னாங்கம்மா."

"எந்தக் கேள்வி சார்?"

வகுப்பிலிருந்து சுவர்வரை சொன்னேன். அவள் நெற்றியைச் சுருக்கி யோசித்துப் பார்த்தாள்.

"சத்தியமா ஞாபகம் இல்ல சார். ஏதோ வாய்க்கு வந்தத கேட்டிருப்பேன். டீச்சரு இதையா இத்தினி வருசம் மனசுல வெச்சிகினு இருந்தாங்க?"

தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. "செகண்ட் ஷிப்ட் சார். லேட்டா போனா சூப்பர்வைசரு கத்துவாரு" என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கியவள், திரும்பி வந்தாள்.

"எந்தப் பக்கம் சார் தெரிஞ்சுது?"

கிழக்கே கையைக் காட்டினேன். கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு அவள் பார்த்தாள். நானும் பார்த்தேன். உச்சி வெயிலில் வானம் வெளுத்துக் கிடந்தது.

மறுபடியும் ஹாரன். அவள் ஓடினாள். எனக்கு வீட்டுக்குள் போகவேண்டியிருந்தது.