எண்ணெய் கம்மி என்று சொன்னேன்

பரிசல் ஓடாத நாளில்தான் அவர்களுக்குக் கூட்டம். காவிரியில் தண்ணீர் ஏறி ஒகேனக்கல்லில் பரிசலை நிறுத்திவிட்டால், பிள்ளைகளோடு வந்தவர்கள் மீன் வறுவலைத் தின்றுவிட்டு வேறு என்னதான் செய்வார்கள்? சாலையோரப் பொட்டலில் பழைய டயர்களை வட்டமாக நட்டு, சின்னப் பிள்ளைகள் ஓட்டும் நாலு சக்கர வண்டி ஒன்றை வைத்திருந்தார்கள், பென்னாகரத்தில் எங்கள் தெருவில் இருக்கும் அண்ணனும் அவர் மனைவியான அக்காவும்.

அண்ணன் வண்டியோடு கூடவே ஓடுவார். அக்காவின் வேலை பெட்ரோல் கலப்பது. டூ ஸ்ட்ரோக் இன்ஜின் என்பதால் பெட்ரோலிலேயே எண்ணெயும் சேர்க்க வேண்டும். இருமல் மருந்து பாட்டில் ஒன்றில் சிவப்பு நெயில் பாலிஷால் கோடு போட்டு வைத்திருந்தார் அக்கா. லிட்டருக்கு அந்தக் கோடு வரை எண்ணெய். ஒவ்வொரு முறையும் பாட்டிலைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்துத்தான் ஊற்றுவார். அந்தப் பொட்டலில் அவருடையது என்று சொல்ல அந்த ஒரு வேலைதான் இருந்தது.

நான் அப்போது பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் இரண்டாம் வருடம். வகுப்பில் பெண்கள் மூன்றே பேர். "பொட்டப்புள்ளைக்கு ஸ்பானர் புடிக்க வருமா?" என்று கேட்டுக் கேட்டே, எதையாவது கழற்றிக் காட்டாவிட்டால் எனக்குக் கை அரிக்கும். ஆடி மாதம் அந்த வண்டி கிளம்ப மறுத்ததும் நானே போய் நின்றேன். ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தால் இறுக்கமே இல்லாமல் வந்தது.

"பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்குதுங்கண்ணா. மேல் பாகத்த மட்டும் மாத்துனா போதும், நான் பண்ணித் தரேன்."

"நீயா?" என்றார் அண்ணன்.

"குடுங்க. படிக்கிற புள்ள அது, நம்மளாட்டமா?" என்றது அக்காதான்.

பெங்களூரிலிருந்து புது பிஸ்டன் செட் சனிக்கிழமை வந்தது. மறுநாள் ஞாயிறு, கூட்டம் வரும். ஹெட்டைத் திறந்தேன், சிலிண்டரை உருவினேன், கரியைச் சுரண்டினேன், புது பிஸ்டனின் அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்கிறதா என்று இரண்டு தடவை சரிபார்த்தேன். எல்லாம் வீடியோவில் பார்த்தபடியே வந்தது. கடைசியில் கிளிப். பிஸ்டனுக்குக் குறுக்கே போகும் இரும்புப் பின் நழுவிவிடாமல் இரு பக்கமும் பிடித்திருக்கும் சின்னக் கம்பி வளையம் அது. ஒன்று உட்கார்ந்துவிட்டது. இன்னொன்று விரலிலிருந்து எகிறி, 'டிங்' என்ற சத்தத்தோடு புல்லுக்குள் போனது. அண்ணனும் அக்காவும் டீக்கடைக்குப் போயிருந்தார்கள். மண்டியிட்டுத் தேடினேன், கிடைக்கவில்லை. கழற்றிப் போட்ட பழைய கிளிப் கந்தல் துணிமேல் கிடந்தது. ஒரு முறை கழற்றியதில் பிடிப்பு போய்விடும், திரும்பப் போடக் கூடாது என்று எனக்குத் தெரியும். போட்டேன்.

ஞாயிறு காலை இரண்டாவது இழுப்பிலேயே இன்ஜின் பிடித்தது. "எங்க தெரு இன்ஜினியருங்க!" என்று மீன் கடை வரைக்கும் கேட்கும்படி அண்ணன் கத்தினார். நானும் கூச்சப்படாமல் சிரித்துக்கொண்டு நின்றேன்.

மதியம், ஒரு சிறுமி மூன்றாவது சுற்று வரும்போது இன்ஜின் கிறீச்சிட்டு நின்றது. வண்டி கொஞ்ச தூரம் உருண்டு டயரில் முட்டியது. சிறுமிக்கு ஒன்றுமில்லை. வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பழைய கிளிப்தான். வாய் சொன்னது வேறு.

"எண்ணெய் கம்மியா கலந்திருப்பாங்கண்ணா."

"கோடு வரைக்கும் ஊத்துனேங்க," என்றார் அக்கா.

"கோடாம் கோடு! நகத்துக்குப் பூசுறத பாட்டில்ல பூசிட்டா நீ மெக்கானிக்காயிடுவியா? படிச்ச புள்ள பொய்யா சொல்லும்?" என்றார் அண்ணன்.

மீன் கடைக்காரம்மா அங்கிருந்தே, "தலைக்குத் தேய்க்கிற எண்ணெய ஊத்திட்டியா என்னமோ, பாரு தாயி!" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. அக்கா என்னைத்தான் பார்த்தார். நான் குனிந்து, ஒன்றும் இல்லாத பிளக் ஒயரைச் சரிசெய்தேன்.

மறுநாள் அவர்கள் வீட்டு வாசலில் இன்ஜினைத் திறந்தேன். எண்ணெய் குறைந்து இன்ஜின் இறுகியிருந்தால் சைலன்சர் பக்கம் தேய்ந்திருக்கும். அந்தப் பக்கம் எண்ணெய்ப் பூச்சோடு பளபளவென்று இருந்தது. இரும்புப் பின் நழுவிய பக்கத்தில் உளியால் இழுத்ததுபோல் ஒரு பள்ளம். பழைய கிளிப் இருந்த இடம் காலி. பிஸ்டனைச் செய்தித்தாளில் சுற்றி என் பைக்குள் வைத்துக்கொண்டு, "பிஸ்டனோட சிலிண்டரும் மாத்தணும்ங்கண்ணா," என்று மட்டும் சொன்னேன்.

சிலிண்டர் வர ஐந்து நாள் ஆனது. அந்த ஐந்து நாளும் அண்ணன் தெருவில் கண்டவர்களிடமெல்லாம், "இவள நம்பி ஒரு பாட்டிலக் கூடக் குடுக்க முடியல," என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் குழாயடிக்குப் போனால் அக்கா பாதிக் குடத்தோடு திரும்பிவிடுவார். ஒவ்வொரு நாளும் இன்று சொல்லிவிடலாம் என்று போவேன். வேறு ஏதாவது பேசிவிட்டு வருவேன்.

புது கிளிப் இரண்டையும், கீழே துணி அடைத்து, கட்டைவிரலால் அழுத்திப் போட்டேன். எல்லாம் பூட்டி முடித்தபின், இன்னும் தள்ளிப்போட எதுவும் மிச்சமில்லை. பையிலிருந்த பிஸ்டனை எடுத்து அண்ணன் கையில் வைத்தேன்.

"தப்பு எம்மேலதாங்கண்ணா. பழைய கிளிப்பப் போட்டுட்டேன், அது கழண்டுருச்சு. அக்கா சரியாத்தான் கலந்தாங்க. எனக்கு அன்னைக்கே தெரியும்."

திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவர் பிஸ்டனைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அட வுடு பாப்பா! கத்துக்குற புள்ளைக்குத் தப்பு வரத்தான் செய்யும்."

அவ்வளவுதான். அக்கா பக்கம் அவர் திரும்பக்கூட இல்லை. பாட்டிலை எடுத்து என்னிடமே நீட்டினார். "இந்தா, நீயே கலந்து ஊத்து."

நான் அதை அக்காவிடம் கொடுத்தேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தவர் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். கோடு வரை எண்ணெயை ஊற்றினார். பாட்டிலைத் தூக்கினார், இந்த முறை தன் கண்ணுக்கு அல்ல, என் கண்ணுக்கு நேராக.

"நல்லாப் பாத்துக்க பாப்பா. கோட்டுக்குச் சரியா இருக்குதா?"

தலையை ஆட்டினேன். அவர் பாட்டிலை இறக்கவில்லை. நான் வாய்விட்டு, "சரியா இருக்குதுங்கக்கா," என்று சொல்லும்வரை பிடித்துக்கொண்டே நின்றார்.