பத்துக் குப்பி, ஒரு கோழி

கோழி அறுக்கும் கூடத்தில் அவனுக்குப் பெயர் மெஷின். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். சங்கிலியில் தலைகீழாகத் தொங்கி வரும் கோழியின் கழுத்தில் அவன் கத்தி படுவது கண்ணுக்குத் தெரியாது. ரத்தம் பீறிட்டு ரப்பர் அங்கியில் அடித்த பிறகுதான், அட, அறுத்துவிட்டானே என்று தெரியும். நிமிடத்துக்கு நாற்பது கழுத்து. பதினேழு வருஷமாக இதே வேலை. மொத்தம் எத்தனை உயிர் போயிருக்கும் என்று யாராவது வாயைக் கிளறினால், "எனக்குத் தூக்கம் வரணும், ஆளை விடுப்பா" என்பான்.

வேலை என்றால் சும்மா இல்லை. ஒரு கழுத்து தவறினால் அந்தக் கோழி உயிரோடு வெந்நீர்த் தொட்டிக்குள் போகும். உள்ளே இறக்கை படபடவென்று அடிக்கிற சத்தம் கூடம் முழுக்கக் கேட்கும். அவன் கையில் அப்படித் தவறியது வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோதான். அன்றைக்கு முழுக்க எவனிடமும் பேச மாட்டான். கொலைகாரனுக்கும் ஒரு மானம் உண்டு, சார்.

இப்படிப்பட்ட ஆளை ஆராய்ச்சிக்காரர்கள் தேடி வந்தார்கள் என்றால் நம்புவீர்களா? வந்தார்கள். ஐந்து நாட்டுக்காரர்கள் சேர்ந்து நடத்திய ஆராய்ச்சி. எந்த மருந்துக்கும் மசியாத கிருமிகள் ஆஸ்பத்திரியில் ஆளைக் கொல்கின்றன. அதெல்லாம் எங்கிருந்து கிளம்புகிறது, கோழிப் பண்ணையிலிருந்தா என்று பார்க்க வேண்டும். இந்த ஊர் லேபை நடத்திய அம்மா வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கிய டாக்டர். கூடத்தில் எல்லோருக்கும் அவர் டாக்டரம்மாதான். அவர் மெஷினின் கையைப் பார்த்தார். நடுக்கமில்லாத கை. "நீங்கதான் எடுத்துத் தரணும்" என்றார்.

விதி ஒன்றுதான், ஐந்து நாட்டிலும் அதே விதி. ஒரு பண்ணைக்குப் பத்துக் கோழி. பத்தும் பத்து வெவ்வேறு கூண்டுப் பெட்டியிலிருந்து வர வேண்டும். ஒவ்வொன்றின் குருட்டுக்குடலையும் கிள்ளி, உள்ளே இருப்பதில் பட்டாணி அளவு ஒரு நீலமூடிக் குப்பியில் பிதுக்க வேண்டும். ஒரு கோழிக்கு ஒரு குப்பி. மேலே பண்ணையின் நம்பர். பனிக்கட்டிப் பெட்டியில் வைத்தால் லேபிலிருந்து ஆள் வந்து கொண்டுபோவார்.

மெஷினுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. ஒருநாள் டாக்டரம்மா அவனைக் கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் உட்கார வைத்தார். அந்தப் பக்கம் வேறொரு நாட்டில் இதே வேலை பார்க்கிற ஒருத்தன், இதே மாதிரி ரப்பர் அங்கியோடு. இவன் பேச்சு அவனுக்குப் புரியாது, அவன் பேச்சு இவனுக்குப் புரியாது. அவன் தன் கத்தியைத் தூக்கிக் காட்டினான். இவனும் தூக்கிக் காட்டினான். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மற்ற நாட்டுப் பெரிய படிப்புக்காரர்கள் திகிலடைந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதோடு விட்டானா? டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டதை எடுத்துக்கொண்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனான். அவனைத் தூக்கி வளர்த்தவள் அக்கா. அவளும் மாமாவும் கோழிப் பண்ணை வைத்திருந்தார்கள், பன்னிரண்டாயிரம் கோழி. எல்லாப் பண்ணையையும் போல அங்கும் தண்ணீர்த் தொட்டியில் மருந்துப் பவுடரைக் கொட்டுவார்கள், நோய் வராமலிருக்க. "அக்கா, அந்தப் பவுடரை நிறுத்து. அதனாலதான் கிருமிக்குக் கொழுப்பு ஏறிப்போகுது" என்றான். மாமா உடனே சரி என்றார். மச்சான் சொன்னால் அவருக்கு வேதவாக்கு. முதல் மாதம் முந்நூறு கோழி செத்தது. "உன் பேச்சைக் கேட்டேன் பாரு, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்" என்று அக்கா அவனைத் திட்டித் தீர்த்தாள். ஆனால் பவுடரை மறுபடி தொடவில்லை. தினம் மூன்று முறை உமியைக் கிளறி, குழாயைக் கழுவி, இடுப்பு ஒடிய உழைத்துக் கோழிகளைத் தேற்றிவிட்டாள். அந்த வட்டாரத்தில் மருந்தில்லாமல் கோழி வளர்த்தது அவள் ஒருத்திதான்.

இப்போது வருகிறது அந்தப் புதன்கிழமை. கூடத்தில் இரண்டு பேர் வரவில்லை. சங்கிலி நிற்காது. சூப்பர்வைசர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். ஏழாம் நம்பர் பண்ணைக் கோழிகள் வந்தன. ஏழாம் நம்பர் என்றால் அக்கா. மெஷின் ஒரு கோழியின் குடலை எடுத்தான், ஒரு குப்பியில் பிதுக்கினான். இன்னும் நிறைய இருந்தது. நம்ம அக்கா வீட்டுக் கோழிதானே, மருந்தே போடறதில்லை, இதுல என்ன இருந்துடப் போகுது என்று மனசு சொல்லிற்று. அந்த ஒரே குடலைப் பத்துக் குப்பியிலும் பிதுக்கி மூடினான். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அட மடையா! இரண்டு வருஷம் நூற்றுக்கணக்கான குப்பியை யோக்கியமாக நிரப்பிய கை, சொந்த அக்கா விஷயத்தில்தானா நோகாமல் வேலையை முடிக்க வேண்டும்?

மூன்று வாரம் கழித்து டாக்டரம்மா அவனை லேபுக்குக் கூப்பிட்டார். ஏழாம் நம்பர்: பத்துக்குப் பத்து. கடைசி ஆயுதமாக டாக்டர்கள் ஒளித்து வைத்திருக்கிற மருந்துக்கும் சாகாத கிருமி, பத்துக் குப்பியிலும். "அஞ்சு நாட்டுலயும் இப்படி ஒண்ணு வந்ததே இல்லை. பத்தும் ஒரே அச்சு, மரபணுவுல ஒரு எழுத்துகூட மாறலை. கொட்டகை முழுக்கப் பரவியிருக்கு" என்றார். "எல்லாரும் உங்களைத்தான் பாராட்டறாங்க."

அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. எந்தப் பெட்டி எந்தப் பண்ணையைத் தொட்டு வந்ததோ, எங்கிருந்தோ ஒரு கோழிக்கு அந்தக் கிருமி ஒட்டியிருக்கிறது. அந்த ஒரு கோழிதான் இவன் கையில் மாட்டியிருக்கிறது. ஒன்று என்று தெரிந்திருந்தால் கண்காணிப்பு, மறுபடி சோதனை என்று போயிருக்கும். பத்துக்குப் பத்து என்றால் அழிப்பு. அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். திரையில் நாலு நாட்டு முகங்கள் அவனைப் பார்த்துத் தலையசைத்தன. அவனும் தலையசைத்துவிட்டு வெளியே வந்துவிட்டான். அதுதான் அவன் செய்த இரண்டாவது அயோக்கியத்தனம்.

ஏழாம் நம்பர் யார் என்பது ரகசியம். என்ன ரகசியம்! நம்பர் பட்டியல் கூடத்துச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. மறுநாளே ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. வியாபாரிகள் ஏழாம் நம்பரை மட்டுமல்ல, எந்தப் பண்ணைக் கோழியையும் தொட மாட்டோம் என்றார்கள். அக்காவின் கொட்டகையில் அதே உமியின் மேல் விட்டிருந்த புதுக் குஞ்சுகள் இருபது நாள் வளர்ந்திருந்தன. பன்னிரண்டாயிரத்தையும் அழிக்கச் சொல்லி அதிகாரிகள் உத்தரவு போட்டார்கள். மறுசோதனைக்குப் பத்து நாள் ஆகும், அதுவரை காத்திருக்க முடியாது என்றார்கள்.

அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாலு பண்ணைக்காரர்கள் கூடத்துக்குள் வந்தார்கள். முன்னால் வந்தவர் இருபது கொட்டகை வைத்திருக்கிற பெரிய பண்ணைக்காரர், மூட்டை மூட்டையாகப் பவுடர் கொட்டுகிறவர். மெஷினைப் பெட்டி கழுவும் இடத்துக்கு இழுத்துப் போனார்கள். பேச்சே இல்லை. காலிப் பெட்டியைத் தூக்கி மூஞ்சியில் ஒரு போடு. முன்பல் இரண்டு தெறித்தது. கீழே விழுந்தவனை விலாவில் மிதித்தார்கள். ஒருத்தன் தண்ணீர்க் குழாயை வாய்க்குள் திணித்துத் திறந்துவிட்டான். மூக்கு வழியாகத் தண்ணீரும் ரத்தமும் பொங்கியது. "எவன்கிட்டக் கை நீட்டி வாங்கிக்கிட்டு எங்க பிழைப்புல மண்ணள்ளிப் போட்டே? சொல்லுடா!"

செய்தி கேட்டு மாமா ஓடி வந்தார். எல்லோரையும்விட அதிகமாக இழந்தவர் அவர். மச்சானை இரண்டு போடு போட்டாலும் கேட்க ஆளில்லை. அவரோ குறுக்கே பாய்ந்து அவன் மேல் கவிழ்ந்துகொண்டார். "என் மச்சான் பொய் சொல்ற ஆள் இல்லை! குடல்ல என்ன இருந்துச்சோ அதைத்தான் எடுத்துக் குடுத்திருப்பான்! என் கோழியில கிருமி இருந்தா அதுக்கு அவன் என்ன பண்ணுவான்?"

பெரிய பண்ணைக்காரர் சுவரில் சாய்த்திருந்த இரும்புக் குழாயை எடுத்து மாமாவின் முழங்கையில் இறக்கினார். மளுக்கென்று சத்தம். மாமாவின் கை பின்பக்கமாக மடங்கித் தொங்கியது. மறுபடி ஓங்கினார். மெஷின் அலறினான்.

"ஒரே கோழி! பத்தும் ஒரே கோழி! நான்தான் ஏமாத்தினேன்! அவரை விட்டுடுங்க!"

குழாய் நின்றது. பெரிய பண்ணைக்காரர் மூச்சு வாங்கச் சிரித்தார். "பாத்தீங்களாடா, உதைக்கிற விதத்துல உதைச்சா வருது. இதையே போய் லேப்ல சொல்லு." போய்விட்டார்கள். மாமா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அவன் காதருகில் சொன்னார். "எனக்காக உன் பேரைக் கெடுத்துக்காத மச்சான். கோழி போனா போகுது."

"மாமா, நிஜமாத்தான் சொல்றேன்."

"தெரியும், தெரியும். பேசாத. ரத்தம் வருது."

மாமாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அவன் அப்படியே லேபுக்கு ஓடினான். டாக்டரம்மா அவன் முகத்தைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அவன் எல்லாவற்றையும் சொன்னான். புதன்கிழமை, சங்கிலி, ஒரு குடல், பத்துக் குப்பி. "பத்தும் ஒரே அச்சுன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க? ஒரே கோழிங்கறதாலதான் ஒரே அச்சு!"

ஒரு கணம் அவர் முகம் மாறியது. அவர் கண் மேஜை மேல் இருந்த அறிக்கைக்குப் போனது. மறுநாள் காலை ஐந்து நாட்டுக் கூட்டத்தில் வைக்க வேண்டிய அறிக்கை அது. பிறகு அவன் உடைந்த வாயைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "இப்படிச் சொல்லச் சொல்லித்தானே அடிச்சாங்க?" என்றார்.

"அடிச்சாங்க. ஆனா இது உண்மை, மேடம்."

"பயப்படாதீங்க. நாங்க பின்வாங்க மாட்டோம். போலீஸ்ல சொல்றேன். நீங்க பட்ட அடி வீணாப் போகாது."

தலையில் அடித்துக்கொண்டு கத்தினான். லேபில் இருந்த இரண்டு பேர் அவனைத் தாங்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுத்தார்கள். பாவம், அதிர்ச்சி என்றார்கள். இரண்டு வருஷ யோக்கியம் அவனுக்கு எதிராகவே சாட்சி சொன்னது. உதை வாங்கியவன் வாயிலிருந்து வந்த உண்மையை ஒருத்தரும் சீந்தவில்லை.

மூன்றாம் நாள் காலை கொட்டகைக்கு அதிகாரிகள் வெள்ளை உடுப்பில் வந்தார்கள். கோழிகளைக் கொல்லக் கொண்டு வந்த விஷ கேஸ் பாதிக் கோழிக்குக்கூடப் போதவில்லை. மீதியைக் கையால் கழுத்து முறித்துத்தான் கொல்ல வேண்டும் என்றார்கள். அறுப்புக் கூடத்திலிருந்து ஆள் கேட்டார்கள். விலா எலும்பில் கட்டோடு மெஷின் எழுந்து போனான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. வேறு எவன் கையோ தடவித் தடவி முறிப்பதைவிட, இழுத்தடிக்காமல் முடிக்கிற கை தன்னுடையது என்று அவனுக்குத் தெரியும்.

உள்ளே உமித் தூசியில் மூச்சு முட்டியது. மூலைக்கு ஓடிய கோழிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நசுங்கிக் கத்தின. அக்கா வெளியே போகச் சொல்லியும் போகவில்லை. அவளே குனிந்து இரண்டிரண்டாகக் காலைப் பிடித்துத் தூக்கி அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கினான். தலையைப் பிடித்து இழுத்துத் திருப்பினால் ஒரு மளுக். சாக்கில் போட்ட பிறகும் இறக்கைகள் அடித்துக்கொண்டிருந்தன. மறுபடி இரண்டு. மளுக், மளுக். ஒரு மணி நேரம் இப்படியே போயிற்று. அவன் கை முட்டிகள் வீங்கிவிட்டன. அவள் கை முழுக்கக் கோழி நகம் கீறிய ரத்தம்.

அப்புறம் அவள் கேட்டாள். "உன் மாமா சொன்னாரு, நீ என்னமோ உளறினியாம். எத்தனை கோழியில எடுத்தே?"

"ஒண்ணு, அக்கா."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்த கோழிகளைக் கீழே விட்டாள். தீவனம் அள்ளும் தகரக் குவளை பக்கத்தில் கிடந்தது. அதை எடுத்து அவன் வாயிலேயே அடித்தாள். ஆஸ்பத்திரியில் உதட்டில் போட்டிருந்த தையல் பிரிந்தது. இன்னொன்று, காதோரம். இன்னொன்று, நெற்றியில். குவளை நெளிந்து போயிற்று. அவன் கையைத் தூக்கவே இல்லை. வெள்ளை உடுப்புக்காரர்கள் ஓடி வந்தார்கள். கட்டுப் போட்ட கையோடு வாசலில் நின்ற மாமா, "ஏண்டி அவனை அடிக்கிறே? என்னைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னான்!" என்று கத்தினார்.

"காப்பாத்தினானா? இவனா?" அக்காவுக்கு மூச்சு இரைத்தது. "அடுத்தவன் கோழின்னா பத்தையும் ஒழுங்கா எடுத்திருப்பான். நம்ம கோழிங்கறதாலதான் ஏமாத்தியிருக்கான். இவனை வளர்த்தவ நான். எனக்குத் தெரியாதா?"

மெஷின் அப்போதுதான் அழுதான். மூன்று நாளாக ஊரும் உலகமும் நம்பாததை அவள் ஒருத்தி நம்பிவிட்டாள். வாயிலிருந்து ரத்தம் வழிய, முகத்தை மறைக்காமல், குழந்தை மாதிரி தேம்பித் தேம்பி அழுதான். அக்கா அழவில்லை. நெளிந்த குவளையை வீசி எறிந்துவிட்டு மூலைக்குப் போனாள். குனிந்து இரண்டு கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து அவன் முன்னால் நீட்டினாள்.

"புடி. இன்னும் பாதி இருக்கு."

அவன் வாங்கிக்கொண்டான்.