எஸ்தர் அத்தையின் ஞாயிற்றுக்கிழமைகள்

வெந்த உருளைக்கிழங்கில் பாலும் வெண்ணெயும் சேர்த்து மகள் மசித்துக்கொண்டிருந்தாள். அந்த வாசனை என்னைச் சேலையூர் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டது.

எஸ்தர் அத்தை இங்கிலாந்தில் நர்ஸாக இருந்தவர். நான் கைக்குழந்தையாக இருக்கும்போது அம்மா இறந்துவிட, என்னை வளர்ப்பதற்காக வேலையை விட்டுவிட்டு வந்தார். ஞாயிறுதோறும் சர்ச்சிலிருந்து திரும்பியதும் இதையேதான் செய்வார். மிளகுத்தூள் மட்டும் தூவி, முள்கரண்டியால் நிதானமாகச் சாப்பிடுவார்.

"பத்தியச் சாப்பாடு மாதிரி இருக்கு எஸ்தர்" என்பார் அப்பா.

"பழக்கம் விட்டுப்போச்சுன்னா திரும்பிப் போறப்ப கஷ்டம்ணா."

நான் பெரியவளானதும் அத்தை போவதாகத்தான் பேச்சு. எழுபதுகளின் கடைசியில் எனக்கு டீச்சர் வேலை கிடைத்தது. "இனிமே நீங்க போகலாம் அத்தை" என்றேன்.

அத்தை என் தலையைத் தடவினார். "அங்க இப்ப எனக்கு யாரும்மா இருக்காங்க?"

அடுத்த ஞாயிறு சோறும் கறிக்குழம்பும் ஆக்கி, எங்களோடு உட்கார்ந்து கையால் பிசைந்து சாப்பிட்டார். அப்பா தலை நிமிரவே இல்லை. அங்கே முன்பு யார் இருந்தார்கள் என்று நான் கடைசிவரை கேட்கவில்லை.

"சாப்பிடும்மா, ஆறிடப்போகுது" என்று மகள் தட்டை நீட்டினாள்.